அச்சிட்ட மண்டலாவா, வெற்று வட்டமா? வண்ணம் தீட்டித் தியானிக்க எது தோது

வண்ணம் தீட்டுவதையே தியானமாகப் பழகலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சிட்ட மண்டலாப் புத்தகம் வாங்குவதா? வெற்றுத்தாளில் ஒரு வட்டம் போட்டு, தோன்றியதை வரைவதா? கோடுகளாலேயே நிரப்பும் முறை ஒன்று இருக்கிறதே, அதுவா? டேப்லெட்டில் ஒரு செயலி போதாதா? நான்கும் ஒரே வேலையைச் செய்வதுபோலத்தான் தெரியும். ஆனால் மனத்திடம் நான்கும் வெவ்வேறு கூலி கேட்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எத்தனை முறை 'அடுத்து என்ன?' என்று மனம் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே முதல் அளவுகோல். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். முடிவெடுக்க இடமே இல்லாவிட்டால் கை தன்பாட்டுக்கு ஓடும், மனம் நாளைய வேலைகளைப் பட்டியல் போடக் கிளம்பிவிடும். முடிவுகள் மிஞ்சிப்போனால் தியானம் பரீட்சையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே கைக்கு வேலையும் மனத்துக்குச் சாவகாசமும் கிடைக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கே காலையில் ஓரிடம், இரவில் வேறிடம்.

இரண்டாவது, கையசைவு. ஒரே மாதிரியான அசைவு திரும்பத் திரும்ப வந்தால் மூச்சு தானாக அதனோடு சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, உட்கார்ந்ததிலிருந்து முதல் கோடு விழ ஆகும் நேரம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் களைத்துப்போன நாளில் உட்கார மனம் வராது. நான்காவது, முடிந்தபின் மனத்தில் அசைபோட்டு எண்ணிப் பார்க்கத் தாளில் என்ன மிஞ்சுகிறது. கடைசியாக, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும் செலவுகள். பணம் அதில் ஒரு பகுதிதான்; கழுத்து, கண், மணிக்கட்டு, 'இதை முடித்தே ஆக வேண்டும்' என்ற பிடிவாதம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

## அச்சிட்ட வடிவம்

மண்டலா என்றால் சமஸ்கிருதத்தில் வட்டம். நடுவிலிருந்து வெளியே அடுக்கடுக்காக விரியும் வடிவம். கோடுகள் ஏற்கெனவே போடப்பட்டிருப்பதால் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இந்தக் கட்டத்துக்கு என்ன நிறம்? பதற்றத்தோடு உட்காருபவருக்கு இது பெரிய ஆறுதல்.

2005-ல் நான்சி கரி, டிம் கேசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முதலில் பயந்துபோன ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லிப் பதற்றத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு 20 நிமிடம் வண்ணம் தீட்ட வைத்தார்கள். சிலருக்கு மண்டலா, சிலருக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்ட வடிவம், சிலருக்கு வெற்றுத்தாள். முதல் இரண்டு குழுவிலும் பதற்றம் நன்றாகவே தணிந்தது. வெற்றுத்தாள் குழு பின்தங்கியது. 2012-ல் 50 பெரியவர்களை வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மண்டலா வெற்றுத்தாளை முந்தியது, கட்ட வடிவம் முந்தவில்லை. வட்டத்துக்கே தனி மகிமை உண்டா, வரம்பு இருந்தால் போதுமா என்பதை இந்த இரண்டையும் வைத்துத் தீர்க்க முடியாது. இரண்டுமே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததன் அளவீடுதான். மாதக்கணக்கில் பழகுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பதற்றம் முற்றியிருக்கும் நேரத்தில் அச்சிட்ட மண்டலாவை எடுப்பது நியாயமான தேர்வுதான்.

தவறுவது பெரும்பாலும் அளவில். புத்தகங்களில் வரும் ஏ4 பக்க மண்டலாவில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருக்கும். பென்சிலால் இரண்டு மூன்று படலமாகத் தீட்டினால் முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். தினம் 20 நிமிடம் என்றால் ஒரே பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும். ஐந்தாவது நாளில் அது தியானமாக இருக்காது, பாக்கி வேலையாக இருக்கும். 10 முதல் 12 செ.மீ. விட்டமும் முப்பது நாற்பது கட்டங்களும் உள்ள வடிவம் ஒரே அமர்வில் முடியும். பெரிய படத்தைத்தான் எடுத்தீர்கள் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் அகலம் 3 மி.மீ.-க்குக் கீழே போனால் பென்சில் முனை உள்ளே நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்ட வேண்டிவரும், அது நோக்கத்துக்கே நேர்மாறு.

புத்தகத்தில் இன்னொரு தொல்லை, தையல் பக்கம். நடு மடிப்பை ஒட்டிய ஒன்றரை செ.மீ.-க்குக் கை போகாது, பக்கமும் தட்டையாகக் கிடக்காது. பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவிடுவதே நல்லது. அதற்கு மனம் வராதவர்கள் சுருள்கம்பி கோத்த புத்தகமாகப் பார்த்து வாங்கலாம். தாளின் இரு பக்கமும் அச்சிட்டிருந்தால் மார்க்கரை மறந்துவிடுங்கள். ஆல்கஹால் மார்க்கர் பின்பக்கத்தையும் அதற்கு அடுத்த தாளையும் சேர்த்து நனைக்கும்.

நீங்களே அச்சிட்டுக்கொள்வதானால் வழக்கமான 70-80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு) நகல் தாள் வேண்டாம். 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை, லேசான சொரசொரப்போடு இருக்கட்டும். உங்கள் பிரிண்டர் அந்தத் தடிமனை இழுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கறுப்பில் எடுக்காமல் நடுத்தரச் சாம்பலில் எடுத்தால் நிறம் கோட்டைத் தாண்டினாலும் கண்ணை உறுத்தாது. சின்ன விஷயம்தான், ஆனால் 'கெடுத்துவிட்டேன்' என்ற எண்ணத்தைப் பாதியாகக் குறைக்கும். இங்க்ஜெட்டில் அச்சிட்ட கோடு நீர் பட்டால் கசியக்கூடும். லேசரில் அச்சிட்டது நீருக்கு அசையாது, ஆல்கஹால் மார்க்கருக்கு இளகும். கலர் பென்சிலுக்கு இரண்டும் சரி.

பென்சில் பற்றி ஒரு வார்த்தை. முதல் படலத்தைத் தாளைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுவிடும். அதற்குமேல் எந்த நிறமும் ஏறாது, பென்சில் வழுக்கும். மெழுகு அடிப்படையிலான பென்சிலில் அடர்ந்த நிறங்கள்மேல் சில நாளில் வெளிறிய படலம் பூக்கும்; மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும், படம் கெடவில்லை. பென்சில் கீழே விழுந்தால் உள்ளே குச்சி துண்டு துண்டாக உடைந்திருக்கும். சீவச் சீவ முனை உதிர்ந்தால் ஷார்ப்னரைத் திட்டாதீர்கள்.

நிறம் தேர்வதில்தான் அச்சிட்ட வடிவம் ஆளை இழுத்துவிடும். 72 நிறப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரத்தில் பாதி பென்சில் தேடவே சரியாகிவிடும். உட்காரும்முன் ஐந்தை மட்டும் எடுங்கள்: ஒன்று வெளிறியது, ஒன்று அடர்ந்தது, இரண்டு நடுத்தரம், மிச்சம் ஒன்று இவற்றோடு சேராதது போலத் தெரிவது. பெட்டியை மூடி எட்டாத தூரத்தில் வையுங்கள். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் பென்சிலின் மறுமுனையில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

## வெற்று வட்டம்

ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். உள்ளே எதுவும் இல்லை. நடுவிலிருந்து ஆரம்பிப்பதா, விளிம்பிலிருந்தா? வடிவமா, வெறும் நிறமா? எல்லா முடிவும் உங்கள் தலையில்.

மண்டலாப் புத்தகங்களுக்கு ஆதரவாக உளவியலாளர் கார்ல் யுங்கின் பெயரை அடிக்கடி இழுப்பார்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-19-ல், சுவிட்சர்லாந்தின் ஷாட்டோ-டே என்ற ஊரில் போர்க்காலக் காவலில் இருந்த ஆங்கிலேயர்களுக்குப் பொறுப்பாளராக அவர் இருந்தார். அப்போது தினமும் காலையில் ஒரு நோட்டில் சிறிய வட்டப்படம் வரைந்துவந்தார். அன்றைய தன் உள்நிலைக்கு அது பொருந்தி வருவதாகக் கண்டார். அவர் வரைந்தது சொந்த வட்டம். யாரோ போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பியதல்ல. எண்ணிப் பார்ப்பதுதான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் அவர் பெயர் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு சோதனையும் இதற்குத் துணை. 2016-ல் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 39 பேருக்கு 45 நிமிடம் கொடுத்து, மார்க்கர், களிமண், ஒட்டுப்படத் தாள் என்று எதை வேண்டுமானாலும் வைத்து விரும்பியதைச் செய்யச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு இறங்கியிருந்தது. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமும் பெரிதாகத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்கப்படவில்லை என்பதால் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் 20 நிமிடத்தில் பின்தங்கிய சுதந்திரம் 45 நிமிடத்தில் எடுபட்டிருப்பது யோசிக்க வைக்கிறது. வெற்றுத்தாளோடு பழக முதல் பத்து நிமிடம் வீணாகத்தான் போகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க வசதியுள்ள நாளில்தான் இது பலிக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். கண்ணை மூடி ஐந்து மூச்சு. கண் திறந்ததும் கைக்கு முதலில் அகப்பட்ட நிறத்தால் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வளையம். மூச்சை வெளியே விடும்போது மட்டும் பென்சில் நகரட்டும், உள்ளே இழுக்கும்போது முனை தாளில் அப்படியே நிற்கட்டும். மூன்று நான்கு வளையம் ஆவதற்குள் அடுத்து வர வேண்டிய வடிவம் தானாக வந்து நிற்கும். வராவிட்டாலும் பாதகமில்லை, வளையத்தையே தொடருங்கள்.

இங்கே தவறுவது இரண்டு. ஒன்று, படம் அழகாக வர வேண்டும் என்ற ஆசை. ரப்பரைத் தொட்ட அந்தக் கணமே அது வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே மேசையில் ரப்பர் வைக்காதீர்கள். இரண்டாவது கொஞ்சம் கனமானது. வரம்பில்லாத இடத்தில் அடங்கிக் கிடந்த துக்கமும் பழைய நினைவுகளும் மேலே வரும். பெரும்பாலும் வந்து போய்விடும். ஆறாத அதிர்ச்சியைச் சுமப்பவர்கள், தீவிர மனச்சோர்வில் இருப்பவர்கள் இதைத் தனியே ஆரம்பிக்க வேண்டாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு செய்யும் கலைச் சிகிச்சை வேறு, வீட்டில் நாமே வண்ணம் தீட்டுவது வேறு. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பாது.

## கோட்டுப் பின்னல்

நிறமே கிடையாது. சிறு சதுரத் தாள், மெல்லிய கறுப்புப் பேனா, திரும்பத் திரும்ப ஒரே கோடு. இதில் பெயர் பெற்றது ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் இருவரும் வகுத்த ஜென்டேங்கிள் முறை. தாளின் அளவு மூன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 9 செ.மீ. சதுரம். பென்சிலால் நான்கு மூலையிலும் புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஓரக்கோடு, உள்ளே தாளைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு வளைகோடு. பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வடிவம். கடைசியில் பென்சிலால் நிழல் தேய்த்து, கையெழுத்துப் போட்டு, தாளைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்ப்பது. அழிப்பதற்கு இடமில்லை.

அச்சிட்டதற்கும் வெற்று வட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது இது. வடிவம் தேர்வது ஒரு முடிவு, அதன்பின் ஐம்பது கோடு ஒரே மாதிரி. மூச்சோடு கை சேர்வது இந்த நான்கில் இங்கேதான் மிக எளிது. 20 நிமிடத்தில் ஒரு தாள் முடிந்தும்விடும். 0.25 மி.மீ. முனைப் பேனா போதும். அழுத்தினால் முனை உள்ளே போய்விடும், ஆகவே எழுதுவதைவிட லேசான பிடி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்துப்போனால் பிடி இறுகிவிட்டது என்று பொருள்.

மறைந்திருக்கும் செலவு, வடிவங்களைச் சேர்க்கும் ஆசை. நூறு வடிவம் கற்றுக்கொள்ளக் கிளம்பி, ஒன்றைக்கூட மனம் ஊன்றிப் போடாமல் போகிறவர்கள் ஏராளம். ஒரு மாதத்துக்கு நான்கு வடிவம் தாராளம். நிறத்துக்காக ஏங்குபவர்களுக்கு இது சப்பென்று இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

## திரை

டேப்லெட் செயலியில் தொடங்கும் நேரம் பத்து வினாடி. மேசை வேண்டாம், விளக்கு வேண்டாம். கை நடுக்கம் உள்ளவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பயணத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

ஆனால் பெரும்பாலான செயலிகளில் கட்டத்தைத் தட்டினால் நிறம் தானே நிரம்பிவிடும். கையசைவே இல்லாத இடத்தில் மூச்சு எதைப் பற்றிக்கொள்ளும்? எண்ணைப் பார்த்து நிறம் நிரப்பும் வகை இன்னும் மோசம். முடிவும் இல்லை, அசைவும் இல்லை, முடித்தவுடன் ஒரு கொண்டாட்ட மணி மட்டும் உண்டு. அது பொழுதுபோக்கு. அதில் தவறில்லை, தியானக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் சரி.

திரைதான் வேண்டும் என்றால்: விமானப் பயன்முறை, தட்டி நிரப்புவதை அணைத்துத் தூரிகைப் பயன்முறை, ஐந்து நிறத் தட்டு, ஸ்டைலஸ் (திரையில் வரையும் பேனா), சொரசொரப்பான மேற்பரப்புள்ள திரைக் காப்பு. பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள், மூலை இடுக்கைத் தேடித் தேடித் தீட்டத் தொடங்கினால் முடிவே இல்லை. பின்வாங்கும் பொத்தானைத் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இலவசம் என்று தொடங்கும் செயலி நல்ல படங்களைச் சந்தாவுக்குப் பின்னால் வைத்திருக்கும், இடையிடையே விளம்பரம் குறுக்கே பாயும். ஒரு வருடச் சந்தாவை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு நல்ல பென்சில் பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | அச்சிட்ட வடிவம் | வெற்று வட்டம் | கோட்டுப் பின்னல் | திரை |
|---|---|---|---|---|
| எடுக்க வேண்டிய முடிவுகள் | குறைவு (நிறம் மட்டும்) | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| கையசைவின் சீர் | நன்று | ஆளைப் பொறுத்தது | மிக நன்று | தூரிகையில் சுமார், தட்டினால் இல்லை |
| தொடங்கும் நேரம் | 2-3 நிமிடம் | 1 நிமிடம், ஒன்ற இன்னும் 10 | 1-2 நிமிடம் | 10 வினாடி |
| தோதான அமர்வு | 20 நிமிடம் | 40-45 நிமிடம் | 15-20 நிமிடம் | 10-15 நிமிடம் |
| எண்ணிப் பார்க்க மிஞ்சுவது | நிறத் தேர்வு, அழுத்தம் | எல்லாமே | கோட்டின் சீர், இடறல் | சொற்பம் |
| மறைந்த செலவு | முடிக்கும் பிடிவாதம், பென்சில் சேர்ப்பு | மேலே வரும் உணர்ச்சிகள் | வடிவச் சேகரிப்பு, இறுகிய பிடி | சந்தா, விளம்பரம், அறிவிப்புகள் |

உடம்புக்கான செலவு திரை உட்பட நான்குக்கும் பொது. குனிந்தே இருந்தால் கழுத்து பிடிக்கும். பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டால் பாதி வலி குறையும். விளக்கு வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். இல்லாவிட்டால் கையின் நிழலுக்குள்ளேயே தீட்ட வேண்டியதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள்.

## எண்ணிப் பார்ப்பது: எழுதியா, சும்மா பார்த்தா?

முறையைத் தேர்ந்ததோடு பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பென்சிலைக் கீழே வைத்தபின் வரும் மூன்று நிமிடத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில் இந்த மூன்று நிமிடம் இல்லாமல் போனால் நான்கு முறைக்கும் இடையே பெரிய வித்தியாசமே கிடையாது.

இதற்கான தயாரிப்பு தீட்டும்போதே தொடங்க வேண்டும். மனம் வேறெங்கோ போய்விட்டதைக் கவனித்த கணம், தாளின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். முதல் நாள் மூன்று புள்ளி இருக்கும். பத்தாம் நாள் பதினைந்து இருக்கலாம். மனம் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். அலைவது முன்பும் இதே அளவுதான் இருந்திருக்கும், இப்போது அகப்படுகிறது. புள்ளியைக் குறைக்க வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தால் சில நாள் அதை விட்டுவிடுங்கள்.

எழுதுவது. தாளின் பின்பக்கத்தில் மூன்றே வரி. எந்த இடத்தில் கை வேகமெடுத்தது? எந்த நிறத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்? புள்ளி வைத்த இடங்களில் எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? இதில் மூன்றாவது கேள்விதான் வேலை செய்யும். இரண்டு வாரத் தாள்களைப் புரட்டினால் ஒரே கவலை ஏழெட்டு இடத்தில் தலைகாட்டுவது தெரியும். அச்சிட்ட வடிவத்தோடும் கோட்டுப் பின்னலோடும் எழுத்து நன்றாகச் சேரும். தாள் பேசாததை வரி பேசும். வரி நீண்டு பக்கமாகிவிட்டால் அது வேறு பயிற்சி. மனத்தில் உள்ள காயத்தை 15-20 நிமிடம் எழுதும் முறை ஒன்று 1980-களிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. அதில் எழுதி முடித்தவுடன் மனம் கொஞ்சம் கனப்பது வழக்கம். படுக்கப் போகும் நேரத்தில் அது உதவாது.

சும்மா பார்ப்பது. படத்தைக் கைநீட்டித் தூரத்தில் வைத்து, தலைகீழாகத் திருப்பி, ஒரு நிமிடம் பார்ப்பது. வெற்று வட்டத்துக்கு இதுதான் பொருத்தம். உடனே சொல்லில் பிடிக்கப் போனால் அது நழுவிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் மறுநாள் காலை எழுதுங்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று அர்த்தப் பட்டியல் பார்த்துப் படத்தைப் படிக்காதீர்கள். அந்தச் சிவப்பு உங்களுக்கு யாருடைய புடவையையோ ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

## யாருக்கு எது

இரவில், எண்ணங்கள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது, சிறிய அச்சிட்ட வடிவம், ஐந்து நிறம், எழுத்து இல்லை. காலையில் 15 நிமிடம்தான் அகப்படும் என்றால் கோட்டுப் பின்னலும் மூன்று வரியும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாத இடம் கிடைத்தால் வெற்று வட்டம். ஒரு முடிவு எடுக்க முடியாமல் திணறும் காலத்திலும் வெற்று வட்டமே. பதில் அதில் வந்துவிடாது. எதைத் தொடக் கூசுகிறோம் என்பது வரும். கையில் திரை மட்டும்தான் இருக்கிறது என்றால் திரை.

உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் தியானம் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு இது எதுவும் அவசியமில்லை. ஐந்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்தால் உடம்பெல்லாம் பரபரக்கிறது என்பவர்களுக்குத்தான் கையில் ஒரு வேலை கொடுப்பது கைகொடுக்கும்.

தேர்ந்த முறையை இரண்டு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். அதன்பின்னும் முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டாவி வந்து, ஓரத்துப் புள்ளி ஒன்றுகூட விழாமல், பக்கம் மட்டும் நிரம்புகிறது என்றால் முடிவுகள் போதவில்லை; பட்டியலில் இன்னும் அதிகம் கேட்கும் முறைக்கு ஏறுங்கள். தாடை இறுகி, அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு படி இறங்குங்கள். முடித்த தாள்களில் பின்பக்கம் தேதி போட்டு ஓர் உறையில் வைத்தால் போதும். சுவரில் மாட்டத் தொடங்கினால் அடுத்த தாளைச் சுவருக்காகத் தீட்டுவீர்கள்.